நூற்றெட்டுக் காய் பிளவுஸ்

காளீஸ்வரியம்மாள் ஒன்றை நினைத்துவிட்டால் அது நடந்தாக வேண்டும். மகளின் கல்யாணப் பிளவுஸில் கல் வேண்டாம், முத்து வேண்டாம், நிஜ ஏலக்காயை வைத்துத் தைக்கவேண்டும் என்று அந்த அம்மாளுக்கு எந்த நேரத்தில் தோன்றியதோ தெரியாது. ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சியின் வீட்டு வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பேச்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் கார் அந்தத் தெருவுக்குள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசியாக வந்தது, அவள் புருஷன் பால்பாண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்து இறக்கிவிடுவதற்கு.

ஆரி வேலையில் போடியில் பேச்சியை மிஞ்ச ஆள் இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் கூடுதல்தான். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் கைப்பக்கத்தில் பல்லக்கும், பல்லக்குக்குள் பெண்ணும், அந்தப் பெண்ணின் மூக்கில் மூக்குத்தியும் தெரிகிற மாதிரி கொக்கி ஊசியை ஓட்ட அவளால்தான் முடியும். முன்னறையில் பாதியை மரச் சட்டமே அடைத்துக்கொண்டிருக்கும். துணியை அதில் இழுத்துக் கட்டிக் குனிந்தாள் என்றால் மத்தியானச் சோறு மறந்துபோகும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நிச்சயதார்த்தப் போட்டோ, எதைக் கொடுத்தாலும் நூலில் கொண்டுவந்துவிடுவாள். அதனால்தான் காளீஸ்வரியம்மாளே படியேற வேண்டியதாயிற்று.

நாற்காலியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை முந்தானையால் தட்டிவிட்டுத்தான் அந்த அம்மாள் உட்கார்ந்தாள்.

"ரேணுகாவுக்கு ஆவணியில கல்யாணம். சம்பந்தி ராசிங்காபுரம் முத்துப்பாண்டி. குரங்கணிக்கு மேல அவுகளுக்கு இருக்குற ஏலக்காட்டைத் தெரியும்ல? மாப்ளே பேரு ராம்பிரசாத்து. கல்லும் முத்தும் எல்லாப் பிள்ளைகளும் வச்சுக்கிடுதுக. ஏம் மக முதுகுல ஏலக்காய் வச்சுத் தைக்கணும். கழுத்தைச் சுத்தி ரெண்டு வரிசை, கீழ குஞ்சத்துக்கு மிச்சம். மொத்தம் நூத்தியெட்டு. ஒண்ணு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். மொக்கையன் வீட்டுக் கல்யாணம்னு பாக்குறவகளுக்குத் தெரியணும்."

மொக்கையன் என்பது அவள் புருஷன். போடியில் நாலு ஏலக்காய் வியாபாரிகளைச் சொல்லச் சொன்னால் மூன்றாவதாக அவர் பெயர் வரும்.

பேச்சி மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். காயின் காம்புப் பக்கமாக மெல்லிய ஊசியை விட்டால் தோல் உடையாது. செய்யலாம். நன்றாகவும் இருக்கும். ஒரே ஒரு சந்தேகம்தான்.

"செஞ்சிரலாம்மா. காய் மட்டும் சாயம் போடாத காயாக் குடுங்க. சந்தன நிறத் துணிங்கிறீக. மேல பூஜடை வேற தொங்கும். அதுல தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாக, வேர்வை வேற..."

அவ்வளவுதான். காளீஸ்வரியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னடி சொன்ன? சாயமா? எங்க காய்லயா? சாயம் போட்டவன் உம் புருசன். அவனை வெளிய தள்ளுனதோட சாயமும் போச்சு. ஏதோ பழகுன பிள்ளையாச்சே, நாலு காசு பாக்கட்டும்னு தேடி வந்தா, ஏங்கிட்டயே வாயி நீளுதா?"

"தப்பா நெனைக்காதீகம்மா."

"காயி எங்க ஸ்டோர் காயிதேன். குடுக்குறத வச்சுத் தை."

இங்கே அந்தப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சியின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது. வெளுத்த காய்க்கு ஏலம் போடும் இடத்தில் விலை கிடைக்காது. மொக்கையன் காய் வாங்கி உலர்த்தி விற்கிற ஸ்டோரில் அந்த வெளுத்த காயைப் பச்சைச் சாயப்பொடி கரைத்த டிரம்மில் முக்கி எடுத்து உலர்த்துவார்கள். அந்த வேலையைப் பதினோரு வருஷம் செய்தவன் பால்பாண்டி. செய்யச் சொன்னவர் மொக்கையன். டிரம் மூடியைத் திறந்து பார்த்து, "இன்னுங் கொஞ்சம் பச்சை ஏத்துடா" என்று சொன்னவரும் அவரே. ஒருநாள் அதிகாரிகள் வந்து டிரம்மைச் சுற்றி நின்றார்கள். மொக்கையன் தலையில் கை வைத்துக்கொண்டு, "கூடவே இருந்து குழி பறிச்சுட்டானே பாவி!" என்று பால்பாண்டியைப் பார்த்தார். எப்பேர்ப்பட்ட பார்வை! சோறு போட்டவர் பார்க்கிற பார்வை. அந்தப் பைத்தியக்காரன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நாந்தேன் சார்" என்று சொல்லிவிட்டான்.

ஸ்டேஷனில் இரண்டு நாள், கோர்ட்டுக்கு ஒன்றரை வருஷம். கேஸ் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார் மொக்கையன். கேஸும் முடிந்தது, கூப்பிடத்தான் இல்லை. மற்ற ஸ்டோர்க்காரர்கள் அவனை வாசலிலேயே நிறுத்தினார்கள். பால்பாண்டி என்ற பெயர் போய், ஊர் வாயில் சாயப்பாண்டி ஆனான். இப்போது விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மலைக்கு மேலே எந்த எஸ்டேட்டில் கூப்பிடுகிறார்களோ அங்கே களை வெட்டப் போகிறான்.

பேச்சி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மகள் அனுசியா எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அறிவியல் பாடத்தில் கலப்படம் வந்த அன்று, டீச்சர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை, வகுப்பே ஒன்றாகத் திரும்பி அனுசியாவைப் பார்த்ததாம். பிள்ளை நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஐந்தாம் நாள் கேட்டாள்: "அம்மா, அப்பாதான் செஞ்சாரா?" "இல்லடி. மொதலாளி சொல்லித்தேன் செஞ்சாரு." "அப்ப அதை ஏன் யாருமே சொல்லல?" அன்றிலிருந்து பேச்சிக்கு ஒரே ஒரு வெறிதான். பால்பாண்டிதான் செய்தான் என்று சொன்ன மொக்கையனின் அந்த வாய், ஊர் கேட்க, அனுசியா கேட்க, "நாந்தேன்" என்று ஒரு தடவை சொல்லவேண்டும். சாமியிடம் அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து ரேணுகாவே காயைக் கொண்டுவந்தாள். ஸ்டோர் பெயர் சிவப்பில் அச்சடித்த மஞ்சள் துணிப்பை. மதுரையில் வேலை பார்க்கிற பெண். அம்மாவின் வாய் அவளுக்கு இல்லை.

"பேச்சியக்கா, ஸ்டோர்ல பின்னாடி ரூம் மூட்டையில நானே அள்ளுனேன். நல்லாப் பச்சையா இருக்கிறதாப் பாத்து அள்ளிட்டு வந்தேன். போதுமா?"

"போதும்த்தா."

"கல்யாணத்தன்னிக்கு நீங்கதான் வந்து எனக்குப் போட்டுவிடணும். அந்த மேக்கப்காரங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அனுசியாவையும் கூட்டிட்டு வாங்க."

அவள் போனதும் பேச்சி ஒரு காயை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டாள். காபி கலந்து குடித்துவிட்டு வந்து பார்த்தால் டம்ளர் முழுக்கப் பச்சை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காளீஸ்வரியம்மாள் மூன்று வருஷமாக ஊருக்குச் சொல்லிச் சொல்லி, சாயம் நின்றுபோனது அந்த அம்மாளுக்கே நிஜமாகிவிட்டது போலிருக்கிறது. இல்லாவிட்டால் பெற்ற மகளின் முதுகில் வைக்க இதைக் கொடுத்தனுப்புவாளா?

சாயந்தரம் பால்பாண்டி வந்ததும் டம்ளரைக் காட்டினாள். அவன் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் கோணியது.

"இது ஏஞ் சேர்மானம் இல்ல பேச்சி. நான் இம்புட்டு ஏத்தமாட்டேன். எவனோ கைப்பழக்கம் இல்லாத பய போடுறான்."

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்! பேச்சிக்கு அந்தத் தண்ணீரை அவன் தலையிலேயே ஊற்றலாமா என்று இருந்தது. அவனோ வேறு யோசனையில் இருந்தான்.

"ஒண்ணு செய்யி. தண்ணி மாதிரி வெள்ளை நெயில் பாலிசு இருக்குல்ல, அதைக் காய்க்கு ரெண்டு பூச்சுக் குடு. தண்ணி உள்ள எறங்காது, சாயமும் வெளிய வராது. நான் வாங்கியாறேன்."

"உனக்கு என்ன வந்துச்சு? நாறட்டுமே."

"அப்பிடிச் சொல்லாத பேச்சி. மொதலாளி காரை நிப்பாட்டிப் பேசுனாக. கல்யாணத்துக்கு மண்டபத்துல தண்ணி தூக்க வரச் சொல்லியிருக்காக. முடிஞ்சதும் ஸ்டோருக்கு வந்துர்றான்னாக. இந்தச் சமயத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிறக்கூடாது."

மறுநாளே பஜாரில் பேன்சி ஸ்டோர்க்காரன் வேடிக்கை பார்க்கிற மாதிரி பத்துப் பாட்டில் வாங்கிவந்து அலமாரியில் வரிசையாக வைத்தான். உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகு பூசலாம், காய் இடம் மாற்றவேண்டி வந்தாலும் வரும் என்று பேச்சி சொன்னாள். உண்மையிலேயே அவள் பூசத்தான் நினைத்திருந்தாள். அதை இங்கே சொல்லிவிடவேண்டும்.

பதினெட்டு நாள் அந்தப் பிளவுஸை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது கையில் ரேணுகா, இடது கையில் ராம்பிரசாத், நடுவில் இரண்டு பேர் பெயரும் ஜரிகைக் கொடியில். முதுகில் வட்டக் கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசைக் காய், ஒவ்வொன்றுக்கும் அடியில் தங்க நூலில் சின்ன இலை. அப்படி ஒரு வேலையை அவள் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யப்போவதில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், போட்டுப் பார்ப்பதற்காக மொக்கையன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஊசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அனுசியாவும் கூட வந்தாள். கூடம் நிறையச் சொந்தக்காரப் பெண்கள். ரேணுகா பிளவுஸைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்றதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். காளீஸ்வரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் அந்த அம்மாளுக்கு யாரையாவது மிதித்துப் பார்க்கவேண்டும்.

"இந்தப் பிள்ளை யாரு தெரியுதா? நம்ம சாயப்பாண்டி மக."

கூடம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாள் ஒரு டம்ளர் பாயசத்தை அனுசியாவின் கையில் கொடுத்தாள்.

"குடி ஆத்தா. இதுல போட்டிருக்கிறது எங்க காயி. உங்கப்பன் கை படாத காயி. வயித்த வலிக்காது, தைரியமாக் குடி."

மறுபடியும் சிரிப்பு. ரேணுகாவும் சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனுசியா அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பாயசத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கிளம்பும்போது காளீஸ்வரியம்மாள் வாசல்வரை வந்தாள். "பேச்சி, உம் புருசன் சமையக்கட்டை விட்டு இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது. சம்பந்தி கண்ணுல பட்டா நம்ம மானம் போயிரும். சமையக்காரக கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து பேச்சி பிளவுஸைச் சட்டத்தின் மேல் விரித்தாள். ஒரு பாட்டிலைத் திறந்தாள். நெடி மூக்கில் ஏறியது. உள்ளறையில் அனுசியா புஸ்தகத்தை விரித்துவைத்து ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி பாட்டிலை மூடி அலமாரியில் மற்ற ஒன்பதோடு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரேணுகாவை நினைத்தாளா? நினைத்தாள். நினைத்துப் பார்த்துத்தான் மூடினாள்.

"பூசியாச்சா?" என்று கேட்டான் பால்பாண்டி.

"ஆச்சு" என்றாள்.

கல்யாணம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். மண்டபத்தில் ஏலக்காய்க்காரர்கள்தான் முக்கால்வாசி: தோட்டம் வைத்திருப்பவர்கள், வியாபாரிகள், தரகர்கள். பேச்சி ஐந்து மணிக்கே போய் ரேணுகாவுக்குப் பிளவுஸைப் போட்டுவிட்டுக் கொக்கி மாட்டினாள். மேக்கப்காரப் பெண் முழங்கால் நீளத்துக்குப் பூஜடையைப் பின்னி முடித்து, மல்லிகை வாடாமல் இருக்கப் பாட்டிலில் தண்ணீரைப் புஸ் புஸ்ஸென்று அடித்தாள். ஒரு சுற்று அடித்தது போதாதென்று இன்னொரு சுற்று.

"அக்கா, நல்லாருக்கா?" என்று கேட்டாள் ரேணுகா.

"நல்லாருக்குத்தா" என்றாள் பேச்சி. அவள் கைப்பையில் அந்த மஞ்சள் பையும் மிச்சக் காயும் பத்திரமாக இருந்தன.

மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால், சேலை மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் பேச்சி நின்றாள். அனுசியா நாலாவது வரிசையில் இருந்தாள். வீடியோக்காரர்களின் விளக்குச் சூடு, ஓமப் புகை, மேலே நனைந்த ஜடை. முதலில் ஒரு காயின் அடியில் மட்டும் மினுக்கென்று ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. பிறகு அடுத்தடுத்து. பேச்சிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் என்று நினைக்காதீர்கள். சந்தோஷம்.

கெட்டிமேளத்துக்கு ஐயர் கையைத் தூக்கினார். ராம்பிரசாத் தாலியைக் கையில் எடுத்தான். முடிச்சுப் போட வசதியாக அவன் தங்கச்சி பெண்ணின் ஜடையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தவள் "ஐயோ!" என்று கையை உதறினாள். உள்ளங்கை இரண்டும் பச்சை. ஜடைக்குக் கீழே சந்தனப் பட்டு கழுத்திலிருந்து இடுப்புவரை பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரேணுகாவின் வெறும் முதுகிலும் கோடு கோடாகப் பச்சை.

மாப்பிள்ளையின் அப்பா முத்துப்பாண்டி பின்னால்தான் நின்றார். மேலே கிடந்த வெள்ளைத் துண்டால் ஒரு காயை அழுத்தித் துடைத்து, துண்டை விரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"மேளத்த நிப்பாட்டுங்கய்யா!"

மேளம் நின்றது. ராம்பிரசாத் தாலியைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தான்.

"மொக்கையா, நாப்பது வருசம் காய் போட்டவன் நான். ஏங் காயி தண்ணி பட்டா இப்பிடி ஒழுகாது. ஏங்கிட்டக் காயை வாங்கி இந்தச் சோலியத்தேன் பாக்குறியா? உம் வீட்டுக்கா பொண்ணெடுக்க வந்தோம்?"

அங்கே இருந்த எவருக்கும் அந்தப் பச்சை என்னவென்று விளக்கவேண்டிய அவசியம் இல்லை. மொக்கையனின் வாய் திறந்து திறந்து மூடியது. சொல்லு, சொல்லு என்று பேச்சிக்குள் ஏதோ கத்தியது. நாலாவது வரிசையில் அனுசியா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொக்கையனின் கண் மேடையைச் சுற்றி வந்து பேச்சியின் மேல் நின்றது.

"சம்பந்தி, இந்தா நிக்கிறாளே, இவ வச்ச காயி. இவ யாரு பொண்டாட்டின்னு கேளுங்க. சாயப்பாண்டி பொண்டாட்டி! புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஏங் குடியக் கெடுக்கப் பாக்குறாக."

முத்துப்பாண்டி ரேணுகாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுத்தா. காயி உங்க வீட்டுக் காயா?"

ரேணுகா பேச்சியைப் பார்த்தாள். அப்புறம் ராம்பிரசாத்தின் கையிலிருந்த தாலியைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. பேச்சியக்காதான் கொண்டாந்தாங்க."

அடிப்பாவி! உன் கையால் அள்ளிக்கொண்டு வந்தாயே! பேச்சி கைப்பையைத் திறந்து மஞ்சள் பையை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கினாள்.

"இந்தப் பை யாரு பையின்னு படிச்சுப் பாருங்கய்யா! மிச்சக் காயி இதுலதேன் இருக்கு. இந்தப் பிள்ளை அவுக ஸ்டோர்ல இருந்து..."

"நாந்தேன்யா."

குரல் பந்தி நடக்கிற பக்கத்திலிருந்து வந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி, ஈர வேட்டியோடு பால்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சமையல்காரன் ஒருத்தன் பின்னாலேயே அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"பை மொதலாளி வீட்டுப் பைதேன். அதுல இருந்தது நல்ல காயி. நாந்தேன் வீட்டுல கெடந்த பழைய சாயத்துல முக்கிவச்சேன். என்னையத் தொரத்துன ஆத்திரம். இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. மொதலாளிக்கும் தெரியாது."

"பொய்!" என்று பேச்சி கத்தினாள். "பொய் சொல்றாருய்யா! காயி அவுக காயிதேன்!"

யார் கேட்கிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முத்துப்பாண்டிக்கும் நம்பத்தான் ஆசை. அறுநூறு பேருக்குச் சமைத்து இறக்கியாயிற்று, மகன் கையில் தாலி இருக்கிறது. சாயப்பாண்டியே சாயம் போட்டேன் என்கிறான், அதற்கு மேல் என்ன விசாரணை? மொக்கையன் மேடையிலிருந்து இறங்கிவந்து கீழே கிடந்த செருப்பை எடுத்து அடித்தார். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் மூன்று பேர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பால்பாண்டி வாளியைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு அடி வாங்கினான். தண்ணீர் சிந்திவிடக்கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது.

காளீஸ்வரியம்மாள் பேச்சியின் தலைமயிரைப் பிடித்து மணமகள் அறைக்கு இழுத்துப்போனாள். ரேணுகாவையும் கொண்டுவந்தார்கள்.

"நேரம் இன்னும் இருபது நிமிசந்தேன் இருக்கு. வேற பிளவுசு எதுவும் இந்தச் சேலைக்குச் சேராது. நீ வச்ச காயை நீயே வெட்டி எடுடி. ஏம் மக மேல கத்தரி பட்டுச்சோ, உன்னைய இங்கயே எரிச்சுப்புடுவேன்."

பேச்சி முழங்காலில் நின்று ஒவ்வொரு காயாக நூலை வெட்டினாள். வெட்ட வெட்டக் காய் அவள் கையில் நசுங்கிச் சாயம் விட்டது. காளீஸ்வரியம்மாள் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்; நூற்றெட்டும் வந்தாக வேண்டுமே. ரேணுகாவின் தோள் குலுங்கியது.

"வெரசா வெட்டுங்கக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அவரு தாலியைக் கையில வச்சிருந்தாருக்கா. நான் என்ன சொல்றது?" என்றாள்.

பேச்சி அடுத்த நூலை வெட்டினாள். பதினெட்டு நாள் தைத்ததைப் பதினைந்து நிமிஷத்தில் வெட்டி முடித்தாள். மேலே ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தி ரேணுகாவைக் கூட்டிப்போனார்கள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மண்டபத்தின் பின்வாசலில், எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் பால்பாண்டி உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவனைப் பார்த்ததும் பேச்சிக்கு அழுகை வரவில்லை. மூன்று வருஷத்து ஆத்திரம்தான் வந்தது.

"இன்னுமா அந்தாளுக்காக வாயத் தொறப்ப? ஒம்போக்குல ஒருநாளாவது ஆம்பளையா இருந்திருக்கியா? சொல்ல வந்தேனே! பையைத் தூக்கிக் காட்டுனேனே! ஒரு நிமிசம் சும்மா இருந்திருந்தா அவன் கதை முடிஞ்சிருக்குமே! உன் நாக்கு அழுகிப் போகாதா?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"மொதலாளிக்காகன்னா நெனச்ச?"

"பின்ன?"

"காலையில சட்டை எடுக்கையில பாத்தேன் பேச்சி. பத்துப் பாட்டிலும் கொறையாம அப்பிடியே இருக்கு. நீ அதுக்குள்ள மண்டபத்துக்கு வந்துட்ட. சொல்லலாம்னு ஓடியாந்தா, சமையக்கட்டை விட்டு வெளிய விடமாட்டேன்டாக. மூணு தடவை வந்து பாத்தேன்." பேச உதடு வலித்தது போலிருக்கிறது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சேதேன் தச்சான்னு கண்டுபிடிச்சிட்டா உன்னையத்தான கூட்டிட்டுப் போவாக? ஸ்டேசன்ல பொம்பளைய என்ன கேள்வி கேப்பாகன்னு நான் பாத்துட்டு வந்தவன். எனக்குன்னா அது பழகுன எடம்."

பேச்சி எதிரே சுவரில் கையை ஊன்றினாள். சுவரில் அவள் கைப்பச்சை பதிந்தது.

"ஸ்டோர்ப் பக்கமே வராதன்னுட்டாக" என்றான் அவன். "போகட்டும், விடு."

அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தார்கள். நாலடி தள்ளி அனுசியா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எதைக் கேட்டாளோ தெரியவில்லை. தலையில் வைத்த கனகாம்பரம் அப்படியே இருந்தது.

"அப்பா, நெசமாவே நீதானா? அன்னிக்கும் நீதானா?"

பால்பாண்டி பேச்சியைப் பார்த்தான். பேச்சி தெரிந்தே தைத்த உண்மை பிள்ளை வாயில் போனால் அது பள்ளிக்கூடம் போகும், பஜாருக்குப் போகும், கடைசியில் ஸ்டேஷனுக்கும் போகும் என்று கணக்குப் போட்டிருப்பான்.

"ஆமாத்தா" என்றான். "அப்பாதேன்."

அனுசியா அம்மாவின் பக்கம் திரும்பினாள். முன்னொரு நாள், "அதை ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டபோது இருந்த அதே முகம். ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மொக்கையனின் வாயிலிருந்து பேச்சி எதைக் கேட்கத் தவம் கிடந்தாளோ, "நாந்தேன்" என்கிற அந்த ஒரு வார்த்தைதான். இப்போது அதைச் சொல்லவேண்டியவள் பேச்சி.

பேச்சி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அனுசியா, "என் பின்னாடி வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவின் அந்தப் பக்கமாகத் தனியே நடந்து வீட்டுக்குப் போனாள்.